நாச்சியம்மை

காரைக்குடி நகரின் ஒரு பகுதி செக்காலை. அப்பெயரைக் கேட்ட அளவில் செக்கும் ஆலையும் நம் நினைவிற்கு வருகின்றன. இடப்பெயர் பழமையை நினைவூட்டுதல் போலவே மக்கட்பெயரும் பழமையை நினைவூட்டும். அவ்வட்டாரத்து நகரத்தார் இல்லங்களில் வழங்கும் நாச்சியம்மை என்னும் பெயர் அத்தகையது. பேச்சு வழக்கில் அது நாச்சம்மை எனக் குறுகும். இக்காலத்துச் சிறுமியர் சிலர், இது பாட்டிமார் பெயர் என எண்ணி, பள்ளியில் பிறர் கேட்கச் சொல்ல நாணுகின்றனர். பெயரின் பொருளும் வரலாறும் அறியின் அந்நாணம் நீங்கும்.

நாயன் என்பது தலைவன் எனப் பொருள்படும் பழஞ்சொல். அது உயர்வு தோன்ற நாயனார் எனவும் வரும். சிவனடியார் அறுபத்து மூவரை நாயன்மார் என்பதும் இப்பொருள் பற்றியே. ஆயன் என்பதற்கு ஆய்ச்சி எனப் பெண்பாற்பெயர் வருதல் போல, நாயன் என்பதற்கு நாய்ச்சி என வரும். அதுவே யகரமெய் கெட்டு நாச்சி ஆயிற்று; உயர்வு தோன்ற நாச்சியார் எனவும் வழங்கிற்று. நாச்சி என்பதனோடு தாயைக் குறிக்கும் அம்மை என்னும் சொல் சேர, இடையே யகரம் உடம்படுமெய்யாகத் தோன்றி நாச்சியம்மை என்றாயிற்று. தலைவியாகிய தாய் என்பது இதன் பொருள்.

சைவம், வைணவம் ஆகிய இரு சமயங்களும் இச்சொல்லைப் போற்றின. சுந்தரர் மணந்த மங்கையர் இருவரும் பரவை நாச்சியார், சங்கிலி நாச்சியார் எனப் பெற்றனர். ஆண்டாள் அருளிய 143 பாசுரங்கள் நாச்சியார் திருமொழி எனப் பெயர் பெற்றன. கும்பகோணத்தை அடுத்த திருநறையூர், அங்குத் தாயாருக்கே முதன்மை தரப்படுதலின், நாச்சியார்கோயில் என வழங்குகின்றது.

சிவகங்கைச் சீமையில் இச்சொல் அரசியரின் பெயரிலும் அமைந்தது. 1772ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனிப் படையும் ஆர்க்காட்டு நவாபின் படையும் காளையார்கோயிலைத் தாக்கியபோது மன்னர் முத்துவடுகநாதர் உயிர் துறந்தார். அவர்தம் தேவியாகிய வேலு நாச்சியார் மனம் தளர்ந்திலர். மகள் வெள்ளச்சியுடன் விருப்பாட்சியிற் சென்று தங்கினார்; மைசூர் ஹைதர் அலியின் துணையைப் பெற்றார்; மருது சகோதரர் உடன்வர, 1780ஆம் ஆண்டில் சீமையை மீட்டு அரசு செலுத்தினார். தலைவி என்னும் பொருளை அவர் தம் வாழ்வால் விளக்கினார்.

அரண்மனையில் விளங்கிய இச்சொல் இல்லங்களிலும் பொருந்தி நின்றது. நகரத்தார் குலத்து ஆடவர் இலங்கை, பர்மா, மலாயா முதலிய நாடுகளுக்குக் கடல் கடந்து சென்று வட்டித் தொழில் நடத்திய காலத்தில், பெண்டிர் பெரும்பாலும் ஊரிலேயே தங்கினர். பிள்ளைகளை வளர்த்தலும், முதியோரைப் பேணலும், வரவு செலவைக் காத்தலும் அவர்தம் பொறுப்பாயின. அவ்வில்லங்களின் நாச்சியார் அவரே அன்றோ?

வள்ளியப்பன், வள்ளியம்மை எனவும், மெய்யப்பன், மெய்யம்மை எனவும் அங்கு ஆண்பெயரும் பெண்பெயரும் இணையாக வழங்கும். நாச்சியப்பன், நாச்சியம்மை என்பனவும் அவ்வாறே. நாச்சியப்பன் என்னும் ஆண்பெயர், பெண்பாற் சொல்லையே முதலாகக் கொண்டிருத்தல் காண்க. ஆடவர் அதனைப் பெருமையுடன் தாங்குகின்றனர்.

பாட்டியின் பெயரைப் பேர்த்திக்கு இடுதல் தமிழர் மரபு. பெயரன், பெயர்த்தி என்னும் சொற்களே, முன்னோர் பெயரைத் தாங்குவோர் என்பதைக் காட்டும். மாமியாரின் பெயரைச் சொல்லக் கூசும் மருமகள், அப்பெயர் பூண்ட தன் மகளை ‘ஆத்தா’ என்றே அழைப்பாள். ஆகவே, வீட்டிலே மிகுதியும் ஒலியாத அப்பெயர் ஏட்டிலே வாழ்கின்றது. ஏட்டிலிருந்தும் அது நீங்குமாயின், பாட்டியை நினைக்க எஞ்சிய ஓர் அடையாளமும் உடன் நீங்கும்.

எனவே, ஆசிரியர் பெயர் வினவுங்கால் நாச்சியம்மை என்னும் சிறுமி தலைகுனிய வேண்டுவதில்லை. தலைவி எனப் பொருள்படும் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்லுதலே தகும்.