குறையால் வளையும் உலோகம்

ஒரு செப்புக் கம்பியை வளைத்துப் பாருங்கள், எளிதில் வளையும். அதே இடத்தில் நிமிர்த்த முயன்றால் கை வலிக்கும். மீண்டும் மீண்டும் அவ்வாறு செய்தால் ஒடிந்தே போகும். கம்பி அதே கம்பிதான். மாறியது எது?

உலோகம் படிகங்களால் ஆனது. படிகத்தினுள் அணுக்கள், வரிசை பிடித்து நட்ட நாற்றைப் போல ஒழுங்காக நிற்கின்றன. உலோகம் வளையும்போது ஓர் அணு அடுக்கு மற்றோர் அடுக்கின்மேல் நழுவுகிறது. முழு அடுக்கும் ஒருசேர நழுவுவதற்கு வேண்டிய விசையை 1926-இல் ஃபிரெங்கல் என்னும் ரஷ்ய அறிஞர் கணக்கிட்டார். மென்மையான உலோகப் படிகங்களோ, அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த விசைக்கே இணங்கிவிடுகின்றன!

இப்புதிருக்கு 1934-இல் டெய்லர், ஒரோவான், போலானி ஆகிய மூவரும் தனித்தனியே விடை கண்டனர். படிகத்தில் சில இடங்களில் ஓர் அடுக்கு பாதியிலேயே நின்றுவிடுகிறது. அது முடியும் விளிம்புக் கோட்டைப் பிறழ்வு என்போம். ஆய்வுக்கூடத்தில் டிஸ்லொக்கேஷன் என்பார்கள். பெரிய சமுக்காளத்தை முழுதாக இழுப்பது அரிது. ஒரு முனையில் சிறு மடிப்பை எழுப்பி மறுமுனைவரை தள்ளிச் சென்றால், சமுக்காளமே சற்று நகர்ந்திருக்கும். அம்மடிப்பின் வேலையைத்தான் பிறழ்வு செய்கிறது. குறை இருப்பதனால்தான் உலோகம் உடையாமல் வளைகிறது.

ஆனால், வளைக்க வளைக்கப் பிறழ்வுகள் பெருகுகின்றன. நன்கு காய்ச்சி ஆறவிட்ட உலோகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 இலட்சம் முதல் 10 கோடி வரை இருப்பவை, கடுமையாக உருட்டியபின் 10,000 கோடியையும் தாண்டும். நெரிசலில் அவை ஒன்றையொன்று மறிக்கின்றன, உலோகம் இறுகுகிறது. தட்டித் தட்டி இறுகிய செப்புத் தகட்டைக் கன்னார் மீண்டும் உலையில் காய்ச்சுவது ஏன் என்பது இப்போது விளங்கும். வெப்பத்தில் நெரிசல் தீர்ந்து, செம்பு மீண்டும் இளகுகிறது.

1956-இல் கேம்பிரிட்ஜில் ஹிர்ஷ், ஹோர்ன், வீலன் மூவரும் மெல்லிய அலுமினியத் தகட்டில் பிறழ்வுகள் நகர்வதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டனர். அத்தகைய கருவியில்தான் நானும் உருட்டிய செம்பை ஆராய்ந்து வருகிறேன். மூன்று மாதப் படங்களில் கருங்கோடுகள் மண்டிக் கிடந்தன. பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். என் ஆசிரியர், “உருட்டாத செம்பைப் பார்த்தாயிற்றா?” என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. பிறகு பார்த்தபோது, அதிலும் ஏறக்குறைய அதே கூட்டம்! மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கே கனமுள்ள ஏட்டை இடுக்கியால் எடுக்கையில் நானே வளைத்திருக்கிறேன். படங்களில் இருந்தவற்றுள் உருளையின் வேலை எது, என் விரலின் வேலை எது என்று பிரித்தறிய வழியில்லை. அத்தனையையும் ஒதுக்கிவைத்தேன்.

இப்போது உருட்டிய துண்டு ஒன்றுக்கு உருட்டாத துண்டு ஒன்றையும் உடன்வைத்தே பார்க்கிறேன். எத்துறையில் ஆராயும் நண்பர்க்கும் நான் சொல்லக்கூடியது இதுவே: பொருளின் குறையை எண்ணுமுன், அதில் நம் கை சேர்த்த குறை எவ்வளவு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.