தாயற்ற மழலையும் தாதியர் தொண்டும்

தாயற்ற குழந்தையைக் காக்க இரக்கம் மட்டும் போதுமா? இவ்வினாவிற்கு நெல்லை மாவட்டத்து டோனாவூர் வரலாறு விடை கூறுகின்றது.

அயர்லாந்தில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், கிறித்தவத் தொண்டராக 1895இல் இந்தியா வந்தார். 1901 முதல் டோனாவூரில் ஆதரவற்ற பெண் குழந்தைகளை வளர்க்கலானார். பின்னர்க் கைக்குழந்தைகளும் வந்து சேர்ந்தன. தாய்ப்பாலுக்கு வழியில்லை; அருகில் மருத்துவரும் இல்லை. நலிந்த சிசுவுக்குப் பாலில் சேரும் சிறு அழுக்கும் நஞ்சாகும். வயிற்றுப்போக்குக் கண்டாலோ, உடலின் நீரும் உப்பும் வற்றி உயிர் ஊசலாடும்.

எனவே, இலண்டன் மிஷன் மருத்துவமனை இருந்த நெய்யூரில் சிசுக்களுக்கென ஓர் இல்லம் அமைத்தனர். பொன்னம்மாள் என்னும் தமிழ்ப் பெண்மணி அதன் பொறுப்பை ஏற்றார். அங்கும் வயிற்றுப்போக்கு பரவிப் பல குழந்தைகள் மாண்டன. உப்பும் சர்க்கரையும் அளவாகக் கரைத்த நீர் இன்று காக்கும் உயிர்களை அன்று காக்க வழி தெரியவில்லை. எனினும் அவர்கள் பணியைக் கைவிட்டாரில்லை. பிற்காலத்தில் டோனாவூரிலேயே மருத்துவமனை எழுந்தது.

அன்பு குழந்தையை ஏந்துகின்றது. அறிவு அதனைப் பிழைக்க வைக்கின்றது. தொண்டாற்ற விழையும் மாணவர் இரண்டையும் பயிலுதல் வேண்டும்.