கொத்து அரிசியும் ரூபா நோட்டும்: நிவாரணத்தை அளந்து பார்ப்போம்

"நிவாரணம்" என்ற சொல்லை அறியாத குடும்பம் எம்மிடையே இல்லை. சங்கக்கடை வரிசை, விதானையாரின் பதிவேடு, கூப்பன் மட்டை, குடும்ப அட்டை ஆகிய யாவும் இடம்பெயர்ந்த உழவர் குடும்பங்களுக்குப் பழகிப்போனவை. எனினும் பழகிப்போன ஒன்றை நாம் ஆராய்ந்து பார்ப்பது குறைவு. "எவ்வளவு தந்தார்கள்?" என்று கேட்பதோடு நின்றுவிடுகிறோம்.

களத்தில் நெல்லை அளக்கும் உழவர் மூட்டைகளை எண்ணுவதோடு நிற்பதில்லை. பதர் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, விதைக்கு ஒதுக்க எவ்வளவு என்றும் பார்ப்பார். நிவாரணத்தையும் அவ்வாறே மூன்று கேள்விகளால் அளக்கலாம்.

1. இன்று தரப்படுவது அடுத்த ஆண்டும் அதே அளவு உணவை வாங்குமா?
2. நிவாரணம் நிற்கும் நாளில் எமது கையில் என்ன மிஞ்சும்?
3. பட்டியலில் யார் இருக்கிறார்கள், யார் விடுபட்டார்கள்?

இந்நாட்டின் எண்பது ஆண்டு அனுபவத்தை இக்கேள்விகளோடு படிப்போம்.

கொத்துக் கணக்கு

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், யப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றின. இலங்கை உண்ட அரிசியில் பெரும்பகுதி அங்கிருந்தே வந்துகொண்டிருந்தது. வரவு நின்றதும் அரசு பங்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. செல்வர், வறியவர் என்ற வேறுபாடின்றிக் கூப்பன் வைத்திருந்தவர்கள் குறித்த அளவு அரிசியைக் குறித்த விலைக்குப் பெற்றனர். போர் முடிந்த பின்பும் இம்முறை நீடித்தது.

இதன் வலிமை எங்கே இருந்தது? பங்கு கொத்துக் கணக்கில் இருந்தது. சந்தையில் விலை ஏறினாலும் கொத்து தானாகக் குறைந்துவிடவில்லை. ஏறிய விலையின் சுமையை அரசு தாங்கியது. அச்சுமை பெரியது என்பதும் உண்மையே. 1953இல் அதைக் குறைப்பதற்காகக் கூப்பன் அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் இறங்கியது. உயிர்களும் பலியாயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். கூப்பனை மக்கள் தயவாக அல்ல, உரிமையாகவே கண்டனர் என்பதை அது காட்டியது.

கொத்து முத்திரையானது

1978இல் கூப்பன் அரிசி குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு மட்டும் என்றானது. 1979 செப்டெம்பரில் கூப்பனுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. கொத்துக் கணக்கு ரூபாக் கணக்காக மாறியது. பார்வைக்குச் சிறிய மாற்றம், விளைவோ பெரிது. 1980இல் மட்டும் விலைவாசி நான்கில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்தது. முத்திரையில் அச்சிட்ட தொகை அதனுடன் சேர்ந்து உயரவில்லை. சில ஆண்டுகளுக்குள் அதன் வாங்கும் சக்தி ஏறத்தாழ அரைவாசியாகியது. எவரும் நிவாரணத்தை வெட்டியதாக அறிவிக்கவில்லை; ஹர்த்தாலும் நடக்கவில்லை. வெயிலில் வைத்த பனிக்கட்டிபோல் அது தானாகவே கரைந்தது.

இந்தப் பாடம் எமக்குப் புதிதல்ல. போரால் இடம்பெயர்ந்தோருக்கு வழங்கப்பட்ட உலர் உணவுக்கு, ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபா என்ற அளவு வகுக்கப்பட்டது. விலைகள் பலமுறை ஏறிய பின்பும் அத்தொகை நீண்ட ஆண்டுகள் மாறாமல் இருந்தது. "இன்றும் அதே 1,260 தருகிறோம்" என்பது கணக்கில் சரி. அடுப்பில் அது சரியல்ல.

ஒரு சிறு கணக்குச் செய்வோம். 2021இல் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடை விளைச்சலை வீழ்த்தியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அரசு அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலைகள் ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட 94.9 வீதம் உயர்ந்திருந்தன. அப்படியானால், ஓராண்டுக்கு முன் 5,000 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு 9,745 ரூபா வேண்டும். 5,000 ரூபாவே கையில் இருந்தால், முன்பு வாங்கியதில் அரைவாசிக்குச் சற்று மேலாகவே வாங்கலாம்.

விதைநெல் எங்கே?

இனி இரண்டாம் கேள்வி. 1989இல் ஜனாதிபதி பிரேமதாச அரசு ஜனசவியத் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா. அதில் 1,458 ரூபா உணவு முதலிய நுகர்வுக்கு. 1,042 ரூபா சேமிப்புக்கு. 24 மாதங்கள் முடியும்போது சேமிப்பு ஏறத்தாழ 25,000 ரூபாவாகும். அதைக்கொண்டு குடும்பம் தொழில் தொடங்க வேண்டும் என்பதே எண்ணம். நாடு முழுவதற்கும் ஒரே வேளையில் அன்றி, சுற்றுச் சுற்றாகவே இது வழங்கப்பட்டது.

அதன் அமைப்பில் ஓர் உழவர் அறிவு உண்டு: ஒரு பங்கு பானைக்கு, ஒரு பங்கு விதைக்கு. ஆனால் விதை இருந்தால் போதாது; நிலமும் நீரும் சந்தையும் வேண்டும். நிலத்துக்குத் திரும்ப முடியாத குடும்பத்துக்குப் பணம் மட்டும் தருவது, மழை இல்லாத காலத்தில் விதைநெல் தருவதைப் போன்றது. ஆகவே எம்மைப் பொறுத்தவரை காணி விடுவிப்பு, குளத் திருத்தம், கிணறு துப்புரவு ஆகியனவும் நிவாரணத்தின் பகுதிகளே. அவற்றையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

பட்டியல்

1995இல் சமுர்த்தி வந்தது. போர் நடந்த ஆண்டுகளில் வடக்கு, கிழக்கின் பல பகுதிகளுக்கு அது எட்டவில்லை. எட்டிய இடங்களிலும், மிக வறிய குடும்பங்கள் பல விடுபட்டதையும் வசதியுள்ளோர் பலர் இடம்பெற்றதையும் உலக வங்கியின் ஆய்வுகள் எடுத்துக்காட்டின. கட்சிச் செல்வாக்குப் பட்டியலுக்குள் புகுந்தது என்ற முறைப்பாடும் நாடெங்கும் இருந்தது.

இக்குறைகளை நீக்கவென்று 2023இல் அஸ்வெசும தொடங்கியது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளைக்கொண்டு குடும்பங்கள் மதிப்பிடப்பட்டன. தொடக்கத்தில் நான்கு பிரிவுகளுக்கு மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என வகுக்கப்பட்டது. முதற் பட்டியல் வெளியானதும் பல இடங்களில் எதிர்ப்பு எழுந்தது. இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன.

புள்ளி முறை ஒருவரின் தயவை நாடும் நிலையைக் குறைக்கலாம். ஆனால் படிவம் கேட்காத உண்மையை அது அறியாது. உறுதியில் பத்துப் பரப்புக் காணி. ஆனால் அங்கே உழ முடியாது. பதிவு ஓர் ஊரில். வாழ்வது இன்னோர் ஊரில். பிள்ளைகள் இருவர், ஆனால் பிறப்புப் பத்திரம் ஓட்டத்தில் தொலைந்துவிட்டது. இவற்றை நாமே எழுத்தில் தெரிவிக்காவிட்டால் எவரும் எமக்காகத் தெரிவிக்கப் போவதில்லை.

நாம் செய்யக்கூடியவை

- அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணி உறுதி, இடம்பெயர்வுப் பதிவு ஆகியவற்றின் பிரதிகளை ஒரே உறையில் பேணுவோம்.
- படிவத்தில் காணி விபரம் எழுதும்போது, அது பயிரிட முடியாத நிலையில் உள்ளதா என்பதையும் எழுதிக் கொடுப்போம்.
- பட்டியல் வெளியானதும் குழுவாகச் சென்று பார்ப்போம். விடுபட்டோர் குறித்த நாளுக்குள் மேன்முறையீடு செய்ய, எழுதத் தெரிந்தோர் உதவுவோம். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதியும் கையொப்பமும் பெறுவோம்.
- அரிசி, மா, பருப்பு, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் விலையை மாதந்தோறும் ஒரு கொப்பியில் குறிப்போம். "போதவில்லை" என்ற முறைப்பாட்டைவிட, ஓராண்டு விலைக் குறிப்பு பிரதேச செயலகத்தில் வலுவாகப் பேசும்.
- கிடைப்பதில் சிறு தொகையையேனும் சிக்கனக் குழுவில் இடுவோம். முடியாத மாதத்தில் எவரையும் குறை கூறாதிருப்போம்.

நெருக்கடிகள் இனியும் வரும். திட்டங்களின் பெயர்களும் மாறும். எந்தப் பெயரில் வந்தாலும், நிவாரணத்தைக் கைநீட்டி வாங்குவோராக மட்டுமன்றி, அளந்து பார்த்துக் கேள்வி கேட்போராகவும் நாம் இருப்போம்.

குழுவில் கலந்துரையாட

1. எமது குடும்பங்கள் பெறும் உதவித்தொகை சென்ற ஆண்டு எத்தனை கிலோ அரிசி வாங்கியது? இன்று எத்தனை கிலோ வாங்குகிறது?
2. இக்கிராமத்தில் அல்லது முகாமில் பட்டியலில் விடுபட்ட குடும்பங்கள் எவை? காரணம் என்ன?
3. நிவாரணம் நாளை நின்றால் எம்மைத் தாங்குவது எது? அதை இன்றே எவ்வாறு வலுப்படுத்தலாம்?