சிரித்துப் பேசியவள் யார்?

கேள்வி: மட்டாஞ்சேரியில் மிளகுக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். 38 வயதில் ஆட்டிசம் என்று தெரிந்தது. மற்றவர்களைப் பார்த்துப் பார்த்தே பேசவும் சிரிக்கவும் பழகினேன். அப்படியானால் நான் யார்?
- வாசகி, கொச்சி

பதில்: சகோதரி, அந்தச் சிரிப்பைப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். பிழைப்பதற்காக நீங்களே கற்றுக்கொண்டது அது. 2017-இல் ஆய்வாளர் லாரா ஹல் குழுவினர் ஆட்டிசம் உள்ள 92 பெரியவர்களிடம் இப்படி மற்றவர்களைப் போல நடந்துகொள்வது பற்றிக் கேட்டபோது, பலர் சொன்னது அதனால் வரும் களைப்பை. தான் யார் என்ற குழப்பத்தையும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். நம்பிக்கையானவரோடு இருக்கையில் கண்ணைப் பார்த்தே பேசும் கட்டாயத்தை விடுங்கள். பஜார் ரோட்டுச் சந்தடி தாங்கவில்லையா, விலகிப் போங்கள். எது இதமாக இருக்கிறதென்று கவனியுங்கள். அலுவலகத்தில் சொல்வது உங்கள் விருப்பம்; 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது.