கடிபட்ட இலையையும் வரை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களை நிதானமாகப் பார்த்தேன். கை நன்றாகப் படிந்திருக்கிறது. நரம்பு ஓடும் திசை, விளிம்பின் பல், காம்பு தண்டோடு சேரும் இடம், எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் எருக்கில் ஒரு சொட்டுப் பால் இல்லை, பூவரசில் ஓர் எறும்பு இல்லை, எந்த இலையிலும் ஓர் ஓட்டைகூட இல்லை. அழுத்தி உலர்த்திய மாதிரிகளைப் பார்த்து வரைந்திருக்கிறாய் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

உலர்மாதிரியை நான் குறைத்துப் பேசவில்லை. கோவையிலுள்ள உலர்மாதிரிக் காப்பகமான மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்கு ஒருமுறையாவது போய் வா. இலையின் வடிவமும் பூவின் உறுப்புக் கணக்கும் தாளில் தலைமுறை தாண்டியும் நிற்கும். நிற்காதவைதான் நம் வேலை. பால் காய்ந்து கறையாகிவிடும், தேன் வற்றிவிடும், எறும்பு ஓடிவிடும், தளிரின் செம்பு நிறம் பழுப்பாகிவிடும். வெப்பமண்டலத்தில் பூச்சிக்கு ஓய்வு கொடுக்கும் பனிக்காலம் கிடையாது. அதனால் இங்குள்ள செடிகள் ஆண்டு முழுவதும் தற்காப்பிலேயே இருக்கின்றன. உயிரோடு இருக்கும் செடியின் முன்னால் உட்கார்ந்தவன் மட்டுமே அந்தத் தற்காப்பைத் தாளில் கொண்டுவர முடியும்.

பூவரசிலிருந்து தொடங்கு, தெருவிலேயே கிடைக்கும். இலையைத் திருப்பிப் பார். அடிப்பக்கத்தில், நடுநரம்பு கிளம்பும் இடத்துக்குச் சற்று மேலே, சின்னக் கீறல் போல ஒரு சுரப்பி இருக்கும். அதில் இனிப்பு நீர் ஊறும். பூவுக்கும் மகரந்தத்துக்கும் சம்பந்தமில்லாத தேன் அது. எறும்புக்குக் கொடுக்கும் கூலி. எறும்பு நடமாடும் இலையில் புழுவின் பிழைப்பு கஷ்டம். ஆமணக்கில் காம்பும் இலையும் கூடும் இடத்தில் குமிழ்களாக இதே ஏற்பாடு. இவற்றை விட்டுவிட்டு வரைந்த பூவரசு இலை, என்னைக் கேட்டால், பாதி இலைதான்.

எறும்பு வந்தாலே காவல் என்று முடிவு கட்டிவிடாதே. கர்நாடக, கேரள மலைக்காடுகளில் ஹம்போல்ட்டியா புருனோனிஸ் என்றொரு சிறுமரம் இருக்கிறது. அதன் கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டு உப்பி, உள்ளே வெற்றிடமாகி, எறும்புகளுக்கு வீடாகிறது. குடியிருப்பவை எல்லாமே காவல் காப்பதில்லை. சில சும்மாவே இருந்துவிட்டுப் போகும். அதே காட்டில் வீடே இல்லாத ஹம்போல்ட்டியாவும் பக்கத்தில் நிற்கும். ஒரே ஒரு மரத்தைப் பார்த்து வரைந்தால் படம் பொய்யாகிவிடும்; இரண்டு வகையையும் போடு.

பாலுக்கு வருவோம். எருக்கம்பாலில் ஒட்டும் பசையும் உண்டு, இதயத்தைத் தாக்கும் நஞ்சும் உண்டு. ஆனாலும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு அந்த இலையைத் தின்றே வளர்கிறது. தின்ற நஞ்சு பட்டாம்பூச்சியான பிறகும் உடம்பில் தங்குவதால் பறவைகள் அதைத் தொடத் தயங்கும். அரளியில் வெண்புள்ளிக் கருப்பனின் புழு இன்னும் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்ளும். முதலில் நடுநரம்பைக் கடித்துப் பாலை வடியவிடும். பால் ஓட்டம் குறைந்த பிறகு வெட்டுக்கு அப்பாலுள்ள பகுதியைத் தின்னும். ஆகவே கடி என்றால் ஏதோ ஓட்டை என்று நினைக்காமல், நரம்பில் வெட்டு எங்கே விழுந்தது, தின்றது எந்தப் பக்கம் என்று பார்த்து வரை. அந்த இரண்டு கோட்டிலேயே செடியும் புழுவும் என்ன செய்தன என்பது வந்துவிடும்.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போனால் தில்லை மரத்திடம் விளையாடாதே. சிதம்பரத்தின் தலமரம் என்பதற்காக அதன் பால் உன்னிடம் இரக்கம் காட்டாது. தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி போட்டுக்கொள், கிள்ளிப் பார்க்காதே, அந்தக் கையோடு கண்ணைத் துடைக்காதே. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. எதை வரைந்தாய் என்று எழுதி வை. சுரபுன்னையின் தாங்குவேர்களைப் பார்த்த பழக்கத்தில் இதற்கும் தாங்குவேர் போட்டுவிடாதே. தில்லையின் வேர் சேற்றின் மேல் வளைந்து நெளிந்து படர்வது.

தளிரை மட்டும் தள்ளிப் போடாதே. ஓர் இலை வாழ்நாளில் வாங்கும் கடியில் பெரும்பகுதி அது இளசாக இருக்கும்போதே விழுகிறது. மாந்தளிர் செம்பு நிறத்தில் துவண்டு தொங்குவது ஏன் என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வெயிலுக்குத் திரை என்கிறார்கள் சிலர். பூஞ்சைக்குத் தடை என்கிறார்கள் சிலர். தின்னப்பட்டாலும் நஷ்டம் குறைவாக இருக்கப் பச்சையத்தைத் தாமதமாக ஏற்றுகிறது என்பது இன்னொரு கட்சி. தீர்ப்புச் சொல்வது உன் வேலை இல்லை. வண்ணத்தை அன்று காலையே கலந்து தாளின் ஓரத்தில் பூசிவிடு, கோட்டைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். கைப்பேசிப் படத்தை நம்பி வீட்டுக்கு வந்தால் திரையின் சிவப்பைத்தான் வரைவாய்.

படத்தை எப்படி அடுக்குவது என்று கேட்டிருந்தாய். தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக ஓவியர்கள் ரங்கையாவும் கோவிந்துவும் வரைந்ததைப் பார். 1838 முதல் 1853 வரை வெளிவந்த வைட்டின் ‘இகோனெஸ்’ தொகுதிகளில் 2,101 படங்கள். பல தாள்களில் கிளை ஒன்று நிமிர்ந்து நிற்கும். பூவின் உறுப்புகள் தனித்தனியே பெரிதாக்கப்பட்டிருக்கும். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரை வைத்தார் வைட். பின்னால் வகைப்பாட்டில் அந்தப் பெயர் நிலைக்காமல் போனது வேறு கதை. பூவுக்கு அவர்கள் கொடுத்த அந்த இடத்தில் சுரப்பியையும் முள்ளையும் மயிர் சாய்ந்திருக்கும் திசையையும் நீ பெரிதாக்கிப் போடலாம்.

பதிப்பாளர் முழு இலைதான் கேட்பார். கொடு, அடையாளம் காண அது வேண்டும்தான். அதே கிளையில் கடிபட்ட இலை ஒன்றையும் சேர்த்துவிடு. தாளின் பின்னால் இடம், தேதி, நேரம் மூன்றையும் பென்சிலில் எழுது. மை வேண்டாம், ஈரம் பட்டால் பரவும். எறும்பின் பெயர் தெரியாவிட்டால் இடுப்புக் கணுவையும் உணர்கொம்பையும் தனியாகப் பெரிதாக்கி வரைந்து வை. பூச்சி பார்க்கும் ஆள் யாராவது பின்னால் சொல்லிவிடுவார்.

அன்புடன்,
உன் அண்ணன்