தொடர்மாடி வீட்டிற் கம்பியில்லா வலையமைப்பு

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு கொழும்பிலே தொடங்கிற்று. அக்காலந்தொட்டு நெடுநாள்வரை மக்கள் வீடுகளில் இருந்தவை அலைகளைக் கேட்கும் பெட்டிகளே. அலைகளைப் பரப்பும் நிலையங்களோ விரல்விட்டு எண்ணத்தக்கன. ஒருவர் தம் வீட்டிற் பத்துப் பெட்டிகள் வைத்திருப்பினும் அயலார் கேட்டற்கு அதனால் ஊறு நேர்வதில்லை. இன்று நிலைமை வேறு. இணையத்தைக் கம்பியின்றி வீட்டினுள்ளே பகிர்ந்தளிக்கும் ரவுட்டர் என்னுங் கருவி, கேட்பதோடு அமையாது பேசவுஞ் செய்கின்றது. வெள்ளவத்தை போன்றதோரிடத்தில், மாடிக்கு நான்கு வீடாக எட்டு மாடி கொண்ட கட்டடமொன்றை எண்ணிப் பார்ப்போம். வீட்டுக்கு ஒன்றாக 32 சிறு ஒலிபரப்பு நிலையங்கள் அங்கே ஒரே கூரையின்கீழ் இயங்குகின்றன. தனிவீட்டிற் காணாத இடர் தொடர்மாடியில் தோன்றுவதற்கு இதுவே முதற்காரணம்.

இது வெறும் வசதி பற்றிய செய்தியன்று. 2020ஆம் ஆண்டிற் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது மாணவர் பலர்க்கு இணையமே வகுப்பறையாயிற்று. ஆசிரியர் குரல் இடையில் அறுமாயின், மாணவன் இழப்பது ஒரு சொல்லை மாத்திரமன்று. அச்சொல்லைப் பற்றிநின்ற பொருள் முழுவதையும் இழக்கின்றான். கடல்கடந்து வாழும் பிள்ளைகளின் முகத்தை மாலைதோறுங் காணக் காத்திருக்கும் முதியோர்க்கும் இஃதொக்கும். ஆதலின், விலைமிக்க கருவியை நாடுமுன் அதன் இயல்பை அறிதல் நன்று.

இக்கருவிகள் பெரும்பாலும் இருவகை அலைவரிசைகளைக் கையாளுவன. ஒன்று 2.4 கிகாஹேட்சு, மற்றையது 5 கிகாஹேட்சு. முன்னதன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்றிமீற்றர். பின்னதன் அலைநீளம் அதிற் பாதியளவே. 2.4 வரிசையிற் பெரும்பாலான நாடுகள் 13 தடங்களை வகுத்துள்ளன. எனினும், அடுத்தடுத்த தடங்களின் இடைவெளி 5 மெகாஹேட்சே; ஒரு கருவி பேசுவதற்கோ ஏறத்தாழ 20 மெகாஹேட்சு அகலம் வேண்டும். எனவே, ஒன்றோடொன்று மோதாமல் ஒருங்கே பேசத்தக்கவை 1, 6, 11 என்னும் மூன்று தடங்களே. 32 வீட்டார்க்கு மூன்று தெருக்கள் என்றால் நெருக்கடி சொல்லாமலே விளங்கும்.

ஆயினும் இக்கருவிகள் ஒழுங்கற்றவை அல்ல. பேசுமுன் ஒவ்வொன்றும் செவிகொடுத்துக் கேட்கும். பிறிதொன்று பேசுமாயிற் காத்திருக்கும். ஒரே தடத்திலுள்ளவை இவ்வாறு முறைவைத்துப் பேசிக்கொள்ளும். மூன்றாந் தடத்தில் அமர்ந்த கருவியோ ஒன்றாந் தடத்தாரையும் ஆறாந் தடத்தாரையும் ஒருங்கே குழப்பும்; அவர் பேச்சு அதற்கு வெறும் இரைச்சலாகவே படும். நுண்ணலை அடுப்பும் இவ்வரிசையிலேயே இயங்குவதால், சமையல் வேளையில் இரைச்சல் மிகுதல் இயல்பு.

5 கிகாஹேட்சு வரிசையிலே தடங்கள் பல. ஆயின் அவ்வலை கொங்கிறீற்றுச் சுவரை ஊடுருவுந் திறன் குன்றியது. தனிவீட்டிற் குறையாகத் தோன்றும் இவ்வியல்பு தொடர்மாடியில் நிறைவாகின்றது. நம் அலை அயலார் வீட்டினுட் பெரிதுஞ் செல்லாது. அயலார் அலை நம் வீட்டினுட் பெரிதும் வாராது. சுவரே வேலியாய் நின்று காக்கும்.

இனிச் செய்யத்தக்கன கூறுவாம். முதலாவது, குற்றம் எங்குள்ளதெனத் தெளிதல். கணினியைக் கம்பியினால் ரவுட்டருடன் இணைத்துப் பார்க்க, அப்பொழுதும் தடை நீங்காவிடின் வீட்டினுள் வருந் தொடர்பே பழுது, காற்றின்மேற் பழியில்லை. இரண்டாவது, அசையாத பொருள்களைக் கம்பியிலே இணைத்தல். தொலைக்காட்சியும் மேசைக்கணினியுங் கம்பிக்கு மாறினால், காற்று கைத்தொலைபேசிக்கும் மடிக்கணினிக்கும் எஞ்சும். மூன்றாவது, ரவுட்டரை வாயிலோரத்து மூலையினின்று வீட்டின் நடுவே, மேசையுயரத்துக்கு மேலாக அமைத்தல். இரும்பு அலுமாரி, நிலைக்கண்ணாடி, குளிர்சாதனப்பெட்டி ஆகியவற்றின் பின்னே மறைத்தல் ஆகாது. நான்காவது, அண்மையிலுள்ள கருவிகளை 5 கிகாஹேட்சிற் சேர்த்தல், 2.4 தவிர்க்கவொண்ணாதாயின் 1, 6, 11 என்பவற்றுள் நெருக்கடி குறைந்ததைத் தேர்ந்து, அகலத்தை 20 மெகாஹேட்சாகவே வைத்தல்.

தொலைவிலுள்ள அறைக்கென அலையை வாங்கித் திரும்பவுஞ் சொல்லுங் கருவியைப் பலர் வாங்குகின்றனர். அது கேட்ட ஒவ்வொன்றையும் அதே தடத்தில் மறுமுறை கூறுமாயிற் காற்றில் இருமடங்கு நேரம் செலவாகும். அவ்வறைக்குக் கம்பியொன்று கொண்டுசென்று இரண்டாவது கருவியை அதில் இணைப்பதே சாலச் சிறந்தது.

வலுமிக்க கருவி வாங்கினால் இடர் தீருமென்பது பொதுவான எண்ணம். நெருக்கமான கட்டடத்தில் அது பெரிதும் பயன்படாது. கருவியின் குரல் உயரினும், கைத்தொலைபேசி மறுமொழி கூறும் மெல்லிய குரல் உயர்வதில்லை. அன்றியும், ஒருவர் உரத்துப் பேச அயலவரும் உரத்துப் பேசுவர். முடிவில் எவர்க்குங் கேளாது. மாறாக, ஒரே மாடியிலுள்ள நான்கு வீட்டார் ஒருநாள் மாலை கூடியிருந்து தடங்களைப் பங்கிட்டு, கருவிகளின் வலுவையுஞ் சற்றே குறைத்துக்கொள்வாராயின், செலவின்றி நால்வரும் பயன்பெறுவர். சந்தியில் வழிவிட்டுச் செல்வோர் விரைந்து வீடு சேர்தல் போல்வது இது. சுவர்களுக்கு உரிமையாளர் பலர். அலைசெல்லுங் காற்றுக்கோ அனைவரும் உரியர். அளவாகப் பேசி அயலார்க்கும் இடம்விடுதலே தொடர்மாடியில் நம்பகமான தொடர்புக்கு வழி என்க.