டி.வி. யூனிட்டுக்குள்ளும் கத்திரி வெயில்

கண்ணாடிக் கதவு போட்ட டி.வி. யூனிட் பார்க்க அழகுதான். ஆனால் உள்ளே இருக்கும் செட்டாப் பாக்ஸும் ஆம்ப்ளிஃபயரும் இழுக்கிற மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. பல சாதனங்களின் கையேட்டில் சுற்றுப்புற வெப்பம் 35 அல்லது 40 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று போட்டிருப்பார்கள். மே மாதத்தில் நம் ஹாலே அந்த அளவை நெருங்கிவிடும். மூடிய அலமாரிக்குள் கேட்க வேண்டுமா?

1. முதலில் அளந்து பாருங்கள். மீன் தொட்டிக்கு விற்கும் ஒயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். ஒயரின் முனையை மேல்தட்டில் வைத்து, கதவை மூடி, ஒரு முழுப்படம் ஓடவிடுங்கள். அறையைவிடப் பத்து டிகிரிக்கு மேல் ஏறியிருந்தால் ஏதாவது செய்தே ஆக வேண்டும். கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே சூட்டில் இருந்தாலும் இரும்பு மூடி பிளாஸ்டிக்கைவிட அதிகம் சுடுவது போலத் தெரியும்.

2. காற்றுக்கு இரண்டு வழி வேண்டும்: கீழே நுழைய ஒன்று, மேலே வெளியேற ஒன்று. பழைய சமையலறைப் புகைபோக்கி வேலை செய்த விதம்தான் இது. சூடான காற்று தானாக மேலே ஏறும். அது வெளியேறினால்தான் கீழிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். பெரும்பாலான யூனிட்களில் ஒயர் நுழைக்க ஒரு வட்டத் துளை மட்டும் இருக்கும், அதையும் ஒயர்களே அடைத்துக்கொள்ளும். அது துளைக் கணக்கில் சேராது. அடிப்பலகையின் முன்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு திறப்பும், பின்பலகையின் மேல் ஓரத்தில் அதே அளவோ அதைவிடப் பெரிதாகவோ இன்னொன்றும் வெட்டச் சொல்லுங்கள். யூனிட் சுவரோடு ஒட்டி நின்றால் பின்னால் வெட்டிய துளை வெறும் அலங்காரம்தான். இரண்டு அங்குலமாவது தள்ளி நிறுத்துங்கள். சுவரில் மாட்டுகிற யூனிட் என்றால் பின்னால் ரீப்பர் கட்டை கொடுத்து மாட்டச் சொல்லுங்கள்.

வாடகை வீட்டுக்காரர்கள் வெட்டவே வேண்டாம். தனியாக நிற்கும் யூனிட்டில் பின்பலகையையே கழற்றி வைத்துவிடலாம். அதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

3. தட்டுப்பலகை பின்பலகையைத் தொடாமல் இரண்டு அங்குலம் உள்வாங்கி இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தட்டும் தனித்தனி மூடிய பெட்டியாகிவிடும்.

4. அதிகம் சுடுவது மேல்தட்டில். ஆம்ப்ளிஃபயரையோ ரிசீவரையோ கீழே வைத்தால் அது மற்ற எல்லாவற்றையும் சேர்த்துச் சூடாக்கும். அதன் மூடியில் இருக்கும் துளைகள்மேல் செட்டாப் பாக்ஸ், குரோஷா விரிப்பு, கல்யாண போட்டோ எதுவும் கூடாது.

5. புதிதாக ஷட்டர் போடுகிறவர்கள் பிரம்புப் பின்னலைக் கேளுங்கள். கண்ணாடி ரிமோட்டின் கதிரை விடும், காற்றை விடாது. பிரம்பு இரண்டையுமே விடும். இருக்கிற கண்ணாடியை மாற்ற மனமில்லையா? படம் பார்க்கும்போது கதவைத் திறந்து வைப்பதை யார் தடுத்தார்கள்?

6. ஃபேன் கடைசி மருந்துதான். வழி வெட்டாமல் ஃபேன் மட்டும் வைத்தால் அது உள்ளே இருக்கும் சூட்டுக் காற்றையே சுற்றிவிடும். கம்ப்யூட்டருக்குப் போடும் 120 மி.மீ. ஃபேனை மேல் துளையில், காற்றை வெளியே இழுக்கும்படி மாட்டுங்கள். பெரிய ஃபேன் மெதுவாக ஓடினாலே போதும், சத்தமும் குறைவு. யு.எஸ்.பி.யில் மாட்டுவதானால் 5 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள்.

ஒரு கணக்கு: 100 வாட் சூட்டை, உள்ளே 5 டிகிரிக்கு மேல் ஏறவிடாமல் வெளியேற்ற நிமிடத்துக்கு சுமார் 35 கன அடி காற்று போக வேண்டும். ஃபேன் பெட்டியில் 50 என்று போட்டிருந்தாலும் துளை, வலை எல்லாம் தாண்டி அவ்வளவு வராது; பாதி என்று வைத்துக்கொள்வது நல்லது. ஃபேனுக்குப் பக்கத்திலேயே வேறு துளை இருந்தால் டேப் ஒட்டி மூடிவிடுங்கள். இல்லையென்றால் அது அங்கிருந்தே காற்றை இழுத்துக்கொள்ளும், கீழ்த்தட்டு அப்படியே வெந்துகொண்டிருக்கும்.

7. கேம் கன்சோலை மூடிய அலமாரிக்குள் வைக்கவே வேண்டாம். புதிய பெரிய மாடல்கள் விளையாடும்போது 200 வாட்டை ஒட்டி இழுக்கின்றன. திறந்த தட்டுதான் அதற்குச் சரி.

8. ஸ்டெபிலைசர், அடாப்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகியவற்றை யூனிட்டுக்கு வெளியே கொண்டுவந்துவிடுங்கள். உள்ளே இருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

9. ரிமோட்டில் அணைத்தாலும் பல செட்டாப் பாக்ஸ்கள் சூடாகவேதான் இருக்கும். ரெக்கார்டிங் எதுவும் போடவில்லையென்றால் படுக்கப் போகுமுன் சுவிட்ச் போர்டில் அணையுங்கள். சாதனங்களுக்குள் இருக்கும் மின்பகு கெப்பாசிட்டர்களின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. "கெப்பாசிட்டர் உப்பிப்போச்சு" என்று மெக்கானிக் சொன்னால், பெரும்பாலும் அதற்குப் பின்னால் சூடு இருக்கும்.

10. பல்லியும் எறும்பும் நுழையாமலிருக்கத் துளைகளுக்கு வலை அடிக்கலாம். கொசுவலை மாதிரி நெருக்கமான வலை காற்றையும் குறைக்கும், தூசியையும் பிடித்துக்கொள்ளும். அதனால் துளையைப் பெரிதாக வெட்டுங்கள், வலையை அடிக்கடி பிரஷால் தட்டுங்கள். சாதனங்களின் தூசியை மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த பெயின்ட் பிரஷால் துடைத்தால் போதும். ஈரத்துணி வேண்டாம்.

11. வைஃபை மோடத்தை யூனிட்டின் தலைமேல் வையுங்கள். சூடும் குறையும், சிக்னலும் நன்றாக இருக்கும்.

12. ஏ.சி. அறைதானே என்று இருந்துவிடாதீர்கள். கதவு மூடியிருந்தால் அந்தக் குளிர்ச்சி உள்ளே போகாது. ஐஸ் பாக்கெட், தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் யோசனைகளும் வேண்டாம். ஈரம் கோத்து, சூடு செய்வதைவிட வேகமாகச் சாதனத்தைக் கெடுக்கும்.